கீறல் விழுந்த பக்கம்

பழைய மரச்சாமான் கடையில் பீரோவை எப்படி நிறுத்துகிறோம் என்பதில்தான் பாதி வியாபாரம் இருக்கிறது. கீறல் விழுந்த பக்கம் சுவரோடு, பளபளக்கிற பக்கம் வாசலோடு. "பொய் சொல்ல வேணாம்டா, காட்டாம இருந்தா போதும்" என்பார் அப்பா. அந்தக் கடையில் சுவரோடு நிறுத்திய சரக்கில் மகனும் சேர்த்தி. பிறக்கும்போதே வந்த பெருமூளை வாதம். வலது கை மடங்கி மார்போடு ஒட்டப் பார்க்கும், வலது குதிகால் தரையில் இறங்க அடம்பிடிக்கும். அவனுக்கென்றே உயரமான கல்லா மேசை ஒன்றைச் சொல்லிச் செய்வித்தார் அப்பா. அதன் பின்னால் உட்கார்ந்துவிட்டால் வருகிறவர்கள் கண்ணில் படுவது சிரித்த முகமும் இடது கையும்தான். கால்பந்து அணிக்குள் வந்தபோது பையன்கள் அவனுக்கு வைத்த பெயரும் கல்லா.

அந்த அணி இப்போது போவது அவனைப் போன்றவர்களுக்கான சர்வதேசப் போட்டிக்கு. அணிக்கு ஏழு பேர். அப்பா ஒரு பேரம் பேசித்தான் அனுப்பினார்.

"போய் ஆடு, வேணாங்கல. ஆட இடம் கிடைக்காம பெஞ்சுல உக்காந்துட்டு வந்தேன்னா இந்தப் பந்தை அத்தோட மூட்டை கட்டிடணும். மேசை எங்கயும் போயிடாது."

மேசை எங்கேயும் போகாது என்பதுதான் கல்லாவுக்குப் பயம்.

போட்டிக்கு முன் ஒவ்வொருவரையும் சோதித்து வகுப்புப் பிரிப்பார்கள். பாதிப்பு அதிகமென்றால் ஒன்று, நடுத்தரமென்றால் இரண்டு, லேசென்றால் மூன்று. மைதானத்தில் ஓர் அணிக்கு ஒரு நேரத்தில் மூன்றாம் வகுப்பு ஆள் ஒருவர்தான் இருக்கலாம். அந்த ஒருவர் இந்த அணியில் ஏற்கெனவே இருந்தார், கேப்டன். கல்லா உள்ளூர்ச் சோதனையில் இரண்டு. அதனால் கவலையில்லாமல்தான் அறைக்குள் போனான்.

ஒரு கட்டில், தரையில் வெள்ளை நாடாக் கோடு, பேரத்துக்குப் பிடிகொடுக்காத முகத்தோடு இரண்டு மருத்துவர்கள், நடுவே மொழிபெயர்க்க ஒரு பெண். முழங்காலை மடக்கினார்கள், கணுக்காலை அசைத்தார்கள். பிறகு, கோட்டின் மேல் நட, குதி, பக்கவாட்டில் ஓடு என்றார்கள்.

முன்பின் தெரியாதவர்கள் உற்றுப் பார்த்ததும் கல்லாவின் உடம்பு கடை திறந்துவிட்டது. விளையாட்டு நிஜாரில் பாக்கெட் இல்லை, வலது கை தானாகவே அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் மருத்துவர்களை நோக்கித் திரும்பியது. எடையெல்லாம் இடது காலில் இறங்க, வலது கால் ஏதோ அலங்காரத்துக்கு வருவதுபோல் கூடவே வந்தது.

"கஷ்டமா இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒரு கஷ்டமும் இல்லீங்க" என்று சிரித்தான்.

வெளியே கோச் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"மூணு போட்டுட்டாங்கடா! உள்ள என்னதான் பண்ணித் தொலச்ச?"

"நல்லாத்தானே சார் பண்ணேன்."

"நல்லா பண்ணச் சொல்லி உன்னை யாருடா கேட்டது? உன்னை விக்கவா கூட்டிட்டுப் போனேன்?"

"மாத்த முடியாதா சார்?"

"முதல் ஆட்டத்துல உன்னைக் கவனிப்பாங்க. அதுக்கப்புறம்தான் முடிவு. அங்கயும் மூணுன்னா, கேப்டன் வெளிய வந்தாத்தான் நீ உள்ள. அந்த ஆள் காலு ஒடிஞ்சாலும் வெளிய வரமாட்டாரு."

"அப்ப கொஞ்சம் நொண்டிக் காட்டட்டுமா?"

"வாயை மூடு! நடிக்கிறன்னு சந்தேகம் வந்தாலே தடை போட்டுடுவாங்க. இருக்கறதைக் காட்டு, போதும்."

இருக்கிறது எது என்று தெரிந்தால்தானே காட்டலாம்? மத்தியானம் முழுக்க விடுதி அறையின் கண்ணாடிக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்து பார்த்தான். கையை இறுக்கிப் பிடித்தால் ஆரோக்கியசாலி மாதிரி இருந்தது. தளர்த்தினால் பச்சை நடிப்பாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை அவனுடையதாக எங்கோ இருக்க வேண்டும். அது அறையில் இல்லை.

அதே அறையில் தங்கியிருந்த கேப்டன் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா, ஒத்திகையா?"

"இல்ல கேப்டன், சும்மா நடக்கறேன்."

"பாத்தா அப்படித் தெரியல."

அப்போது அப்பா அழைத்தார். குரலில் திருவிழாக் களை. "கடை டிவில உன் ஆட்டத்தைப் போடப் போறேன். சோபா பாக்க வர்றவங்களையெல்லாம் உக்கார வச்சிருக்கேன். அந்தக் கையை மட்டும் கொஞ்சம் பாத்துக்கப்பா."

மருத்துவர்கள் அவனைக் கவனித்தாக வேண்டுமே என்று, மறுநாள் இரண்டாம் பாதியில் கேப்டனை வெளியே எடுத்து கல்லாவை இறக்கினார்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நின்றது. கோட்டுக்கு வெளியே அதே இரண்டு மருத்துவர்கள். கல்லா கடை ஓட்டம் ஓடினான். வலது கை நிஜாரைக் கவ்விக்கொண்டே வந்தது. விடு, விடு என்று உள்ளுக்குள் கெஞ்சினான். விரல்கள் அப்பா பேச்சைத்தான் கேட்டன.

ஆட்டம் முடியும் தறுவாயில் மூச்சு வாங்கியது. எதிரணிக்காரன் பந்தோடு பாய்ந்து வர, மறிக்கத் திரும்பினான். வலது குதிகால் மேலே ஏறியது. கை நிஜாரை விட்டு மார்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கால்கள் கத்தரிக்கோல்போல் குறுக்கே பின்ன, முகம் புல்லில் அடித்தது. அவன் தலை தூக்கியபோது பந்து வலைக்குள் இருந்தது.

சாயங்காலம் தீர்ப்பு வந்தது. இரண்டாம் வகுப்பு.

"இடம் கெடச்சுது, ஆட்டம் போச்சு. என்ன வியாபாரம்டா இது!" என்றார் கோச். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் கல்லா உட்கார்ந்த மேசைக்கு யாரும் தட்டோடு வரவில்லை.

அப்பா அழைத்தார். "ஒண்ணும் கவலைப்படாத. நீ விழுந்த உடனே டிவிய அணைச்சிட்டேன். கரண்ட் போச்சுன்னு சொல்லிட்டேன். அந்தக் கையை யாரும் சரியாப் பாக்கல."

"எனக்கு ரெண்டாம் வகுப்பு குடுத்துட்டாங்கப்பா. இனி எல்லா ஆட்டமும் ஆடலாம்."

"சந்தோஷம். அடுத்த ஆட்டத்துக்கு முழுக்கைச் சட்டை கெடைக்குமான்னு கேளு."

அறைக்கு வந்தபோது கேப்டன் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நாளன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா எறங்குறோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடு. வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து பாத்தவன் நான். நீ விழுந்தது நிஜமா, நேத்து பண்ண ஒத்திகையா?"

"சத்தியமா நிஜம் கேப்டன்."

கேப்டன் இப்போதுதான் நிமிர்ந்தார். அவன் வலது தோளைப் பார்த்தார்.

"கையை முன்னாடி எடுத்துட்டுச் சொல்லு."

கல்லா அப்போதுதான் கவனித்தான். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. எப்போது போனதென்று தெரியவில்லை. எடுக்கப் பார்த்தான். வரவில்லை. கதவில் சாய்ந்து நிற்கிறவனைப்போல், கீறல் விழுந்த பக்கத்தைச் சுவரோடு வைத்து, சிரித்தபடி நின்றான்.