துணி காயவைக்க ஒரு ஃபேன்

வாங்கப் போகும் பொருளைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார். கொள்முதலுக்குப் போனால், வாங்க வந்த அண்டாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வேண்டாத கரண்டிக்கு நாக்கு வறளப் பேரம் பேசுவார். கடைசியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வந்ததுக்கு அந்த அண்டாவையாவது போடு" என்பார், ஏதோ கடைக்காரருக்கு இடத்தைக் காலி செய்து கொடுப்பவர் போல. இந்த வித்தை எனக்குப் பாதி வந்தது. அக்காவுக்கு முழுசாக வந்தது. அத்தானுக்கு வரவே இல்லை. மனதில் இருக்கும் விலை அவர் முகத்தில் சீட்டாக ஒட்டியிருக்கும். கல்யாணம் பேச வந்த அன்றே அவர் அக்காவைப் பார்த்த பார்வையில் அப்பாவுக்குப் பேச வேலையே இல்லாமல் போய்விட்டது.

அக்கா நடத்துவது லாண்டரி. மலைமேல் ஒரு ஹோட்டல். அதன் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அக்காவிடம்தான் வெளுக்க வரும். மற்ற வாடிக்கையெல்லாம் சேர்த்தாலும் அதில் கால் பங்கு தேறாது. அந்த வெள்ளை மூட்டைகளை மலை ஏற்றி இறக்குவது அத்தானும் அவருடைய கிழட்டு வேனும். சமதளத்தில் வேன் பரம சாது. ஏற்றத்தைக் கண்டால் மட்டும் அதற்குக் கொதிப்பு வந்துவிடும். இரண்டாவது முறையாக அது பாதி மலையில் ஆவி விட்டுக்கொண்டு நின்ற அன்று, ஹோட்டலில் வந்து இறங்கிய விருந்தாளிகள் விரிப்பில்லாத மெத்தைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

ஹோட்டல் மேனேஜர் அம்மா போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்கா சமாளித்திருப்பாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, கீழ இருக்கிற பெரிய கம்பெனிக்கே குடுத்துடறேம்மா. மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க" என்று அவ்வளவு தன்மையாகச் சொன்னார். தன்மையாகப் பேசுகிறவர்களிடம் பேரம் படியாது. போனை வைத்த பிறகு அக்கா, மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றே வேன் 'மெதுவா'வின் பட்டறைக்குப் போயிற்று. மெக்கானிக் மெதுவா, அத்தானோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எதைக் கேட்டாலும் "மெதுவா பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி, பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். மூடியைத் தூக்கி, ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த விசிறியை ஒரு விரலால் சுண்டினார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாத்தியா? இப்படி வழவழன்னு சுத்தக் கூடாது. இது இன்ஜின் கூடவே சுத்துற விசிறி. சூடு ஏறினா நடுவுல இருக்கிற இந்தக் குடம் இறுக்கிப் பிடிக்கணும். பிடி விட்டுப்போச்சு. இன்ஜின் உழைக்குது, இது வேடிக்கை பாக்குது."

"எங்க வீட்டு ஆம்பளைங்க மாதிரி" என்றாள் அக்கா.

"புதுசு கிடைக்காதா?" என்று அத்தான் அவசரமாகக் கேட்டார்.

"இந்த வண்டியைச் செஞ்சவங்களே இதை மறந்திருப்பாங்கடா. பழைய கார்ல இருக்கும் பாரு, கரண்ட் ஃபேன், அதுல ஒண்ணு கொண்டா. ரேடியேட்டரோட சேத்துக் கட்டிடலாம். இன்ஜின் திணறிக்கிட்டு ஏறினாலும் அது தன் வேகத்துல சுத்தும். சூடு ஏறினா தானா ஓடும், இறங்கினா தானா நிக்கும்."

அப்படித்தான் நாங்கள் மூவரும் காயலான் கடைக்குப் போனோம். போகிற வழியிலேயே அக்கா சட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க, நீங்க வாயைத் திறக்கக் கூடாது. ஃபேனைப் பாக்கவும் கூடாது."

"அப்ப எதைத்தான் பாக்கறது?"

"வானத்தைப் பாருங்க."

கதவுகள் தனியாக, பம்பர்கள் தனியாக, சக்கரங்கள் தனியாக, ஒரு ஊரையே பிரித்து அடுக்கியது போல இருந்தது கடை. கடைக்காரர் ஏதோ காரின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டு அதில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டோம். குவியலின் மேலே, கூண்டு உடையாமல், இறக்கை ஒன்றும் ஒடியாமல், ஒரு கரண்ட் ஃபேன். அக்காவின் முந்தானை அதை உரசிக்கொண்டு போனது. கண் போகவில்லை. நேராகப் போய், ஒரு கார்க் கதவின் பக்கக் கண்ணாடியைக் கையில் எடுத்தாள்.

"அண்ணே, இது என்ன சொல்றீங்க?"

அவர் சொன்னார்.

"கண்ணாடிக்குக் கேட்டேண்ணே. காருக்கு இல்ல."

"அதுல உங்க முகம் தெளிவாத் தெரியுது பாருங்கம்மா. சரக்கு அப்படி."

"என் முகத்தைப் பாக்க நான் ஏண்ணே காசு குடுக்கணும்?"

கடைக்காரர் சிரித்தார். சிரித்த கையோடு கொஞ்சம் இறங்கினார். அக்கா அதைவிட அதிகமாக இறங்கினாள். இப்படியே இருவரும் படிப்படியாக இறங்கி வந்துகொண்டிருந்தபோது, அவர் பார்வை அத்தான் மேல் விழுந்தது.

"சார் என்ன, மழை வருமான்னு பாக்கறாரா?"

"அவர் அப்படித்தாண்ணே. விடுங்க" என்றாள் அக்கா. "சரி, நீங்க கடைசியாச் சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன். கொசுறா ஏதாவது போடுங்க. இதோ, இந்தக் காத்தாடியைப் போடுங்க."

கடைக்காரரின் முதுகு நிமிர்ந்தது. "காத்தாடியா? மோட்டார்மா அது. எந்த வண்டிக்கு?"

"வண்டியா? நல்லாக் கேட்டீங்க போங்க. லாண்டரி வெச்சிருக்கேண்ணே. ஈரத் துணியைக் கொடியில போட்டா காயவே மாட்டேங்குது. ஜன்னல்ல மாட்டி விட்டா கொஞ்சம் காத்து வரும்னு பாத்தேன். இல்லன்னா விடுங்க, கண்ணாடி போதும்."

அத்தானின் பார்வை வானத்திலிருந்து விருட்டென்று இறங்கியது. நான் அவர் காலை மிதித்தேன்.

கடைக்காரர் முகம் இளகிவிட்டது. "எங்க வீட்டுலயும் இதே பாட்டுத்தாம்மா. போர்வை காயல, போர்வை காயலன்னு." ஃபேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். என்னவோ செய்துவிட்டுத் திரும்பி வந்தார். வயர் முனையில் புதுசாகக் கறுப்பு டேப் பளபளத்தது. "உங்க வேலைக்கு ஏத்த மாதிரி பண்ணி வெச்சிருக்கேன். கொண்டுபோய் ஒரு பேட்டரியில மாட்டினாப் போதும்."

வாசல் தாண்டியதும் அக்கா சொன்னாள்: "பாவம், கண்ணாடி வித்த சந்தோஷத்துல டேப்பெல்லாம் சுத்திக் குடுக்கறார்."

கொசுறாக வந்த ஃபேனை அக்கா தானே மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியை என்னிடம் கொடுத்தாள்.

பட்டறையில் மெதுவா, ரேடியேட்டருக்குப் பின்னால் தகரப் பட்டைகளை வளைத்து அதைக் கச்சிதமாக உட்கார வைத்தார். சூடு பார்த்து ஓடவும் நிற்கவும் ஒரு சுவிட்ச். இதற்கே அவர் வழக்கத்தில் ஒரு வாரம் எடுத்திருப்பார். ஆனால் மறுநாள் காலை லோடு ஏற வேண்டும். அக்கா முக்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். மனிதர் பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவசரப்பட்டார். எல்லாம் முடிந்து இன்ஜினை ஓடவிட்டோம். சூடு காட்டும் முள் ஏறியது. ஃபேன் 'ஊம்' என்று சுற்றியது. முள் இறங்கியது. ஃபேன் நின்றது.

"முடிஞ்சுது தங்கச்சி. இனி அது ஏறாத மலை கிடையாது."

காலையில் மூட்டைகளை ஏற்றியதும் அக்காவும் வேனில் ஏறிக்கொண்டாள். எப்போதும் வருகிறவள் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். மலை, மரம், பள்ளம் எதுவும் அவள் கண்ணில் படவில்லை. அப்பாவின் சட்டத்தை அவள் மீறி நான் பார்த்தது அன்றுதான். வேண்டிய பொருளையே வெறித்துப் பார்த்தாள்.

ஏற்றம் தொடங்கியது. முள் பாதியைத் தாண்டியது.

"ஃபேன் ஓடுதா?"

"ஓடுதே. சத்தம் கேக்குதே" என்றார் அத்தான்.

ஃபேனும் ஓடியது, முள்ளும் ஏறியது. முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது அக்கா அவர் கையைப் பிடித்தாள். ஓரம் கட்டினோம். இன்ஜினை அணைக்காமல் நின்றோம். ஆச்சரியம், முள் தானாகக் கீழே வந்தது. மறுபடி கிளம்பினோம். இரண்டு வளைவுக்குள் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி ஓரம். மறுபடி முள் இறங்கியது.

"வேலை செய்யச் சொன்னா சூடாகுது, சும்மா விட்டா குளுந்துடுது" என்றார் அத்தான். "ஏய், இது அப்படியே உன் தம்பி."

யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரிய கம்பெனியின் புது வேன் ஒன்று எங்களைத் தாண்டியது. தாண்டியதும் வேகம் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டி, "ஏதாவது உதவி வேணுமா?" என்றார்.

"வேண்டாம்பா. காத்து வாங்கறோம்" என்றாள் அக்கா. வேன் போனதும் அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "மதியம் ஆளுங்க வந்துடுவாங்க. இன்னிக்கும் விரிப்பு போய்ச் சேரலன்னா அவ்வளவுதான். அத்தனை மெஷினையும் கழுவிக் கவுத்துட வேண்டியதுதான்."

இறங்கிப் போய் வேனுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். கடன்காரனை வாசலில் மறித்து நிற்பவள் மாதிரி. நாலு வார்த்தை திட்டத்தான் போனாள். வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நெற்றி முடியெல்லாம் பின்னால் பறந்தது.

"என்னங்க, இது ஏன் என் மேல ஊதுது?"

"எது?"

"உங்க வண்டிதான். இஸ்திரிப் பெட்டியைத் திறந்த மாதிரி மூஞ்சியில அடிக்குது."

கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து வேனின் முன்னால் இருந்த கம்பிச் சட்டத்துக்கு எதிரே பிடித்தாள். ஃபேன் காற்றை உள்ளே இழுத்தால் துணி சட்டத்தோடு ஒட்ட வேண்டும். அது கொடியில் போட்டது போல வெளிப்பக்கமாகப் படபடத்தது. காலமெல்லாம் துணியோடு வாழ்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கறுப்பு டேப் ஞாபகம் வந்தது. 'உங்க வேலைக்கு ஏத்த மாதிரி.'

அத்தான் கண்ணாடி ரசீதில் இருந்த கடை நம்பரைப் பார்த்து, போனை எடுத்தார்.

"வேண்டாங்க" என்றாள் அக்கா. "மானம் போயிடும்."

"வாடிக்கை போறதுக்கு மானம் போகட்டும்" என்று சொல்லி, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, "கண்ணாடியும் ஃபேனும் வாங்கினவங்கண்ணே" என்றார்.

"யாரு, வானத்தைப் பாத்த சாரா?" என்றது காயலான் கடைக்காரர் குரல். "துணி காயுதா சார்?"

"இல்லண்ணே. அதை வந்து, வண்டியில மாட்டியிருக்கோம்."

போனில் ஒரு அலறல். "வண்டியிலயா? ஐயையோ! வண்டின்னா அது காத்தை உள்ள இழுக்கணும் சார். ஜன்னல்ல மாட்டினா துணி மேல தள்ளணுமேன்னு நான்தான் ரெண்டு வயரையும் மாத்திப் போட்டு, தலைகீழாச் சுத்த வெச்சேன். வண்டி ஓடும்போது முன்னாலேருந்து வர்ற காத்தும் ஃபேன் காத்தும் ரேடியேட்டர்ல முட்டிக்கிட்டு நின்னுடும். நிறுத்தினாத்தான் குளுந்திருக்குமே?"

"ஆமாண்ணே, ஆமா!"

"வண்டியை அணைச்சுட்டு அந்த டேப்பைப் பிரிங்க. ரெண்டு வயர்தான். இதை அதுலயும் அதை இதுலயும் கட்டுங்க. முடிஞ்சுது." போனை வைக்கப் போனவர் வைக்கவில்லை. "சார், ஒண்ணு கேக்கட்டுமா? அப்ப அந்தக் கண்ணாடி எதுக்கு?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா வானத்தைப் பார்த்தாள்.

இன்ஜின் ஆறியதும் அத்தான் பேனாக் கத்தியால் டேப்பைப் பிரித்து, வயர்களை இடம் மாற்றி முறுக்கி, மறுபடி சுற்றினார். சாவியைத் திருப்பினார். முள் ஏறி, ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் அக்கா துணியைக் கொண்டுபோனாள். கையிலிருந்து பிடுங்கியது போல அது போய்ச் சட்டத்தில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. அக்கா அதைப் பிய்த்து எடுத்தாள், மறுபடி விட்டாள், மறுபடி ஒட்டியது. குழந்தை மாதிரி இன்னொரு தடவை செய்து பார்த்தாள்.

"போதும், ஏறு" என்றார் அத்தான்.

மீதி மலையில் முள் பாதிக்கு மேல் நகரவே இல்லை. கடைசிக் கொண்டை வளைவில், புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த யாரையோ பார்த்து அத்தான் காரணமே இல்லாமல் ஹார்ன் அடித்தார்.

மேனேஜர் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். வராந்தாவில் விருந்தாளிகளின் பெட்டி ஒன்றுகூட இன்னும் வந்திறங்கவில்லை. மேல் மூட்டையைப் பிரித்து ஒரு விரிப்பைத் தொட்டவர், அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, சூடா இருக்கு?"

இரண்டு தடவை கொதித்த வண்டியில் வந்த துணி குளிர்ந்தா இருக்கும்? அக்காவுக்கு இமைகூட ஆடவில்லை.

"மலைமேல குளிருமேன்னு, இஸ்திரிப் பொட்டியிலேருந்து சூடா எடுத்து அப்படியே கொண்டாந்துட்டோம் மேடம்."

"அட!" மேனேஜர் அம்மா விரிப்பைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றார். "அடுத்த வாரத்துலேருந்து திரைச்சீலையும் நீங்களே எடுத்துக்கோங்களேன்."

இறங்கும் வழியில் அத்தான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொல்லி மாட்டினது போதாதா உனக்கு? சுடச்சுட இன்னொண்ணா?"

"துணி சூடா இருந்தது நிஜம்தானே?" என்றாள் அக்கா. "சரி, கீழ போனதும் காயலான் கடையில நிறுத்துங்க."

"எதுக்கு? கண்ணாடியைத் திருப்பிக் குடுக்கவா?"

"வாங்கின சரக்கை யாராவது திருப்புவாங்களா? அவங்க வீட்டுப் போர்வை காயலன்னு சொன்னாரே, வாங்கிட்டு வந்து வெளுத்துக் காயவெச்சுக் குடுத்துடலாம். காசு வேண்டாம்."

அக்கா வாயிலிருந்து 'காசு வேண்டாம்' என்று வந்ததும் அத்தான் தன்னை அறியாமல் பிரேக்கைத் தொட்டார். நான் மடியிலிருந்த கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னது சரிதான், தெளிவாகத்தான் தெரிந்தது. வேன் நின்றுபோன நாளிலிருந்து அவள் நெற்றியிலிருந்த முடிச்சைக் காணவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "என்னங்க, சத்தமே காணோம்? ஃபேன் நின்னுடுச்சா?"

"இறக்கம்தானே. சூடே இல்ல. வேண்டாம்னு அதுவே நின்னிருக்கு."

"வேலை இல்லாதப்ப சும்மா இருக்கத் தெரிஞ்சது நம்ம வீட்டுல இது ஒண்ணுதான்" என்றாள் அக்கா. முள்ளைக்கூடப் பார்க்காமல் என் தோளில் தலையைச் சாய்த்தவள், அடுத்த வளைவு வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள்.