பெயர் மட்டும் எழுதத் தெரிந்தவள்

கூடலூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி உரக்கடை ஓரத்தில் பெண்கள் ஜீப்புக்காக நின்றார்கள். ஆளுக்கொரு தூக்குவாளி, மடித்த பிளாஸ்டிக் சீட்டு, அட்டைக் கடிக்கு ஒரு பொட்டலம் உப்பு. குமுளி மலை பாதிவரைக்கும் மேகத்துக்குள் இருந்தது. மழை பெய்தாலும் ஏலத்தோட்டத்தில் காய் பறிப்பு நிற்காது.

"கர்ணன் இன்னும் எந்திரிச்சிருக்க மாட்டான்டி," என்றாள் ஒருத்தி. "பொண்டாட்டி காப்பி போட்டாத்தான் தொரைக்குக் கண்ணு தெரியும்."

"அவனுக்கு எதுக்குக் காப்பி? மேட்டுல வண்டியத் தள்ளப்போறது நாம."

முருகம்மாள் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இறுக்கிக்கொண்டு, அதற்குமேல் ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு சாஜிதா வந்தாள். சட்டை நௌஷாத்துடையது. முன்பு இதே ஜீப்பை ஓட்டியவன் நௌஷாத்தான். வண்டிக்கு முதலாளி வேறு ஆள் என்பதால், போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டுபோன மறுநாளே வண்டி கர்ணன் கைக்குப் போனது. சாஜிதா அதுவரை வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்தவள். போலீஸ் வந்த வீட்டுக்குத் துணி கொடுத்தனுப்ப ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை. மூன்று வருடமாக அவளும் மலை ஏறுகிறாள்.

"எடம் போட்டு வையிக்கா," என்றாள் முருகம்மாளைப் பார்த்து. தினமும் சொல்வதுதான். தினமும் முருகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தலையாட்டுவாள்.

ஜீப் வந்தது. பதினெட்டுப் பேர் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்துகொண்டார்கள். முதல் வளைவில் கர்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"ஏத்தா சாஜிதா, தீவிரவாதிகளுக்குன்னு போட்ட அந்தப் பொடாச் சட்டத்தத்தான் போன வருசமே டெல்லியில எடுத்துட்டாகளே. பெறகும் எதுக்கு நௌஷாத்த உள்ள வச்சிருக்காக?"

"சட்டந்தாண்ணே போச்சு. கேசு போகலையாம். போறதுக்கு முந்திப் போட்ட கேசுக்கெல்லாம் அது உசுரோடதான் இருக்குமாம். வக்கீலு சொல்றாரு."

"செத்த பெறகும் கடிக்கிற பாம்ப இப்பத்தான் கேள்விப்படுறேன்."

"வர்ற புதன்கெழம சாட்சி விசாரணை," என்றாள் சாஜிதா. அவள் தோள் முருகம்மாளின் தோளோடு ஒட்டி, வண்டியின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடித்துக்கொண்டே வந்தது. யார் சாட்சி என்று வண்டியில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முந்தி, நௌஷாத்தைப் பிடித்துப்போன அந்தச் சாயங்காலம் முருகம்மாள் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். நௌஷாத் வீட்டு வாசலில் இரண்டு போலீஸ் வண்டிகள். தெருவில் ஆண்பிள்ளைகள் ஒருவரையும் காணோம். டீக்கடை வீரணன் மட்டும் கடையைப் போட்டுவிட்டு ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்.

"சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுய்யா," என்றார் ஏட்டு.

"எனக்கு ரேகைதாங்கய்யா," என்று வீரணன் கட்டைவிரலைக் காட்டினார்.

"பெருவிரலெல்லாம் கோர்ட்டுல நிக்காது. எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளா வேணும். இங்கன யாரு இருக்கா?"

வீரணன் குழாயடியைப் பார்த்தார். "இந்தா, நம்ம முருகம்மா. கெவருமெண்டு சர்ட்டிபிகேட்டே வச்சிருக்கு."

முருகம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அந்த நிமிஷம் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் சோறு இறங்குவதில்லை. போலீஸ் ஜீப்பின் பானெட்டில் வைத்து மூன்று தாள்களை நீட்டினார்கள். மூன்றும் வெள்ளைத் தாள். அடியில் விரலை வைத்து, இங்கே, இங்கே என்று காட்டினார் ஏட்டு. அவள் நிதானமாக எழுதினாள். முருகம்மாள். கடைசி எழுத்தின் வாலை இழுத்து, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி கீழே ஒரு கோடும் போட்டாள்.

"ஏயப்பா, டீச்சரம்மா கையெழுத்து மாதிரில்ல இருக்கு," என்றார் ஏட்டு.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு துணிப்பையில் கேசட்டுகளையும் கல்யாண ஆல்பத்தையும் கொண்டுவந்தார்கள். அவள் கண்ணால் கண்டது அவ்வளவுதான். பிறகு நௌஷாத்தைக் கூட்டிவந்தார்கள். காலில் செருப்பில்லை. "அக்கா, சாஜிதாவப் பாத்துக்கங்க," என்று அவளிடம்தான் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

இரண்டு வருடம் கழித்துத் தேனியிலிருந்து நௌஷாத்தின் வக்கீல் லிங்கேஸ்வரன் வந்து வாசித்துக் காட்டியபோதுதான் அந்த வெள்ளைத் தாள்களில் என்ன இருந்தது என்று தெரிந்தது. நௌஷாத் வீட்டு டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து பதினான்கு ஜெலட்டின் குச்சி, வயர்ச்சுருள், தடை செய்த இயக்கத்தின் நோட்டீசுக் கட்டு. எல்லாம் முருகம்மாள் முன்னிலையில் எடுக்கப்பட்டு, அவள் படித்துப் பார்த்துச் சரியென்று கையொப்பமிட்டதாக இருந்தது. இன்னொரு கையெழுத்து யாரோ வெளியூர்க்காரனுடையது.

"போலீஸ் அதிகாரிகிட்ட அவரு ஒத்துக்கிட்டதா ஒரு வாக்குமூலமும் இருக்கும்மா," என்றார் வக்கீல். "மத்த கேசுன்னா அது செல்லாது. இந்தச் சட்டத்துல செல்லும். அதனால நமக்கு இருக்கறது, பொருளக் கைப்பத்துனதா எழுதியிருக்கிற இந்த மகஸர் ஒண்ணுதான். அத நீங்கதான் ஒடைக்கணும்."

முருகம்மாள் சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருடத்துக்கு முந்தி பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு நடந்தது. நாற்பது பெண்கள் சேர்ந்தார்கள். மூன்று மாதத்தில் பேர் எழுத வந்தது. வாசிக்க ஆரம்பிக்கும்போது ஏலக்காய் பறிப்பு வந்துவிட்டது, யாரும் போகவில்லை. ஆனாலும் ஊரில் எல்லோரும் படித்துவிட்டதாக மேலே கணக்குக் கொடுக்க வேண்டியிருந்ததால் ஒரு நாள் பந்தல் போட்டு நாற்பது பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதைச் சுருட்டிப் பரணில் போட்டார்கள். முருகம்மாள் கம்பத்துக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டாள். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். மகளிர் குழுவில் நோட்டு வந்தால் வாங்கி, விரலை ஓட்டி, உதட்டை அசைத்து, தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். பஸ் பலகையை வாசிக்கச் சொல்லிக் கேட்டால் நிறத்தை வைத்தும் கண்டக்டரை வைத்தும் சொல்லிவிடுவாள். ஏழு வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கட்டிய புருசனுக்குக்கூட.

மலையேறிய ஜீப், தோட்டத்து வாசலில் பதினெட்டுப் பேரையும் இறக்கிவிட்டது. பதினோரு மணிவாக்கில் மழை வலுத்தது. ஏலச்செடிகளின் அடியில் குத்தவைத்து, தரையோடு படர்ந்த சரங்களை விலக்கி, பருத்த காயாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். சாஜிதா பக்கத்து வரிசையில் இருந்தாள். கங்காணி தள்ளிப் போனதும் குனிந்த தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"அக்கா, ஒன்னைய நான் ஒரு வார்த்த கேட்டதில்ல."

"கேட்டிருக்கலாம் நீ. செருப்பால அடிச்சிருக்கலாம்."

"அடிச்சா அவரு வந்துருவாரா? வெறுந்தாள்ல போட்டேன்னு சொல்லு. அது பத்தாதாம், அது எல்லா சாட்சியும் சொல்றதுதானாம். ஒனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லணும். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டதா எழுதியிருக்கானுக. வாசிக்கத் தெரியாதவ எப்படிப் படிச்சுப் பாத்தான்னு வக்கீலு கேப்பாராம்."

முருகம்மாளின் கை நின்றது.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு அஞ்சு வருசமாத் தெரியும்க்கா. அவரு ஜீப்புல எழுதிப் போட்டிருப்பாருல்ல, வெள்ளிக்கெழம வண்டி வராதுன்னு. நீ வாசிச்சுட்டு, நாளைக்கு வெள்ளனமே வரணுமாம்டின்னு எல்லாருகிட்டயும் சொன்ன. அவரு வீட்டுல வந்து சிரிச்சாரு. பெறகு, வெளிய சொல்லிராத, அக்கா முகம் வாடிப்போகும்னாரு. அன்னையிலருந்து எதையும் எழுதாம வாயாலயே சொல்ல ஆரம்பிச்சாரு."

முருகம்மாள் செடிக்குள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். கணுக்காலில் ஏறிய அட்டையைப் பிடுங்காமல் விட்டாள். அது குடித்து உப்பித் தானாகவே விழுந்தது.

அன்று சாயங்காலம் ஏட்டு சம்மனோடு வந்தார். மோர் வாங்கிக் குடித்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சொன்னத மாத்திச் சொன்னேன்னு வையி, பொய்ச்சாட்சின்னு ஒன்மேலயே கேசு வரும். சாதாரணக் கேசு இல்ல ஆத்தா இது. நாட்டுப் பாதுகாப்பு." எழுந்தவர் சுவரைப் பார்த்தார். "இதென்ன, அந்தச் சர்ட்டிபிகேட்டா? குடு, ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றேன். சாட்சி ஆருன்னு காமிக்கணும்ல."

கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடியைத் துடைத்துவேறு கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், அது எதற்காக இருக்கும் என்று அவளுக்கு உறைத்தது.

புதன்கிழமை சிறப்பு நீதிமன்றத்தில் மின்விசிறிகள் சத்தமாக ஓடின. கம்பிவலைக்குப் பின்னால் நௌஷாத் நின்றிருந்தான். தலைமுடி கொட்டி, சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகிக் கிடந்தது. அவளைக் கண்டதும், ஜீப்பில் ஏறும்போது கேட்பானே அதேபோல, நல்லாருக்கீகளா என்று தலையசைத்தான். அவள் பார்வையைத் தரைக்கு மாற்றிக்கொண்டாள்.

முதலில் வக்கீல்கள் வெகுநேரம் பேசினார்கள். லிங்கேஸ்வரன் எழுந்து, இல்லாமல் போன ஒரு சட்டத்தின் கீழ் ஒரு மனிதனை எத்தனை காலம் அடைத்து வைப்பது என்று கேட்டார். அரசு வக்கீல் ஏதோ பிரிவைச் சொல்லி, சட்டம் போனாலும் வழக்கு நிற்கும் என்றார். பாதி இங்கிலீஷில் நடந்தது. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.

"இது உங்க கையெழுத்தா?" அரசு வக்கீல் தாளை நீட்டினார்.

"ஆமாங்கய்யா."

"இதுல சொல்லியிருக்கிற பொருளெல்லாம் உங்க முன்னாடிதானே எடுத்தாங்க?"

"இல்லைங்கய்யா. கேசட்டும் ஆல்பமுந்தான் எடுத்தாக. நான் கையெழுத்துப் போடையில அது வெறுந்தாளு."

பின்வரிசையில் ஏட்டு நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அரசு வக்கீல் நீதிபதியிடம் ஏதோ சொன்னார். சொன்னதை மாற்றிச் சொல்கிறவளைக் குறிக்கும் பிறழ் சாட்சி என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்தது.

"வெறும் தாளாவே இருக்கட்டும். மூணு வருஷம் நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல? மகஸரோட நகல் அன்னைக்கே உங்ககிட்ட குடுத்ததா இதுல எழுதியிருக்கு. படிச்சுப் பாத்திருப்பீங்களே?"

முருகம்மாள் சாட்சிக்கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். கதவோரம் சாஜிதா நின்றிருந்தாள். காக்கிச் சட்டைகள், கறுப்புக் கோட்டுகள், தட்டச்சு செய்கிற பெண், எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்கய்யா," என்றாள். "பேரு மட்டுந்தான் எழுதுவேன். மத்ததெல்லாம் தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். எங்க ஊருக்காரகளயே ஏமாத்திக்கிட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவுதானா என்று அவளுக்கு இருந்தது. கம்பிவலைக்குப் பின்னால் நௌஷாத் கண்களை மூடித் திறந்தான்.

அரசு வக்கீல் மேசைக்கடியிலிருந்து கண்ணாடிச் சட்டத்தை எடுத்து நீட்டினார். போன சரஸ்வதி பூசையின் குங்குமம் மூலையில் அப்படியே இருந்தது.

"இது யாரோடது?"

"என்னோடதுதாங்கய்யா."

"எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்னு இதுல அரசாங்கம் எழுதிக் குடுத்திருக்கு. அப்ப அரசாங்கம் பொய் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

"அது எல்லாருக்கும் குடுத்தாகய்யா. பந்தல் போட்டு…"

"ஒரு பத்திரிகையக் குடுத்து இப்பவே வாசிக்கச் சொல்லுங்க," என்று லிங்கேஸ்வரன் எழுந்தார்.

"தெரிஞ்சவங்க தெரியாத மாதிரி நிக்கிறதுக்கு என்ன கஷ்டம்?" என்றார் அரசு வக்கீல். "நடிச்சேன்னு அவங்களே இப்பத்தான் சொன்னாங்க."

நீதிபதி கண்ணாடிச் சட்டத்தை வாங்கி முத்திரையைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். சான்றாவணமாகக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அன்றைய விசாரணையை முடித்துக்கொண்டார்.

அவளை ஓரத்து மேசைக்கு அழைத்துப்போனார்கள். குமாஸ்தா தட்டச்சு செய்த நான்கு தாள்களை அவள் பக்கம் திருப்பினார். எல்லாம் இங்கிலீஷ். பக்கத்தில் மைப்பெட்டி திறந்திருந்தது. முருகம்மாள் கட்டைவிரலை அதில் அழுத்தப் போனாள். அவர் சட்டென்று பெட்டியை இழுத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க ரேகை வைக்கக் கூடாதும்மா."

"இதுல என்னா எழுதியிருக்குய்யா?"

"நீங்க சொன்னதுதான். உங்களுக்குப் படிச்சுக் காட்டி, சரின்னு ஒத்துக்கிட்டதா இருக்கு. போடுங்க, லேட்டாகுது."

யாரும் படித்துக் காட்டவில்லை. பேனாவை வாங்கினாள். நகக்கண்களில் ஏலக்காய்க் கறை கறுத்துக் கிடந்தது. சாஜிதா கதவோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நௌஷாத்தை வண்டியில் ஏற்றும் விசில் கேட்டது.

முருகம்மாள் எழுதினாள். கோணலாகப் போகட்டும் என்றுதான் நினைத்தாள். கை கேட்கவில்லை. கடைசி எழுத்தின் வால் அழகாக இறங்கியது, அடியில் கோடு நேராக விழுந்தது.

குமாஸ்தா மையை ஊதிக் காயவைத்தார். "நல்ல கையெழுத்தும்மா உங்களுக்கு," என்று சொல்லி, அடுத்த பக்கத்தைத் திருப்பி, கீழே விரலை வைத்தார்.