ஒரு சுவரின் மேல் வயிற்றெரிச்சல்

தோட்டக்காரருக்கு அந்தச் சுவரைக் கண்டாலே ஆகாது. மனிதனுக்கு மனிதன் மேல் பொறாமை வருவது சகஜம். பக்கத்து வீட்டு சோபா மேல் வருவதும் உண்டு. எழுநூறு வயசான, பாதி இடிந்த சுவர் ஒன்றின் மேல் வயிறெரிந்தவர் அந்த நகரத்தில் அவர் ஒருவர்தான்.

நகரத்தின் நட்டநடுவில் பூங்கா. பூங்காவின் நட்டநடுவில் அந்தச் சுவர். ஒரு காலத்தில் துறவிகள் வாழ்ந்த மடத்தின் மிச்சம்: கண்ணாடி இல்லாத மூன்று ஜன்னல்கள், எங்கேயும் போகாத ஒரு வளைவு வாசல். எழுநூறு வருஷத்தில் அறுநூறு வருஷத்தை அது விழுவதிலேயே கழித்திருந்தது. அவசரமே கிடையாது. அதைச் சுற்றிப் பதினாலு வருஷமாகப் பாத்தி கட்டிப் பூ வளர்த்து வந்தவர் தோட்டக்காரர்.

பார்க்க வருகிறவர்கள் வளைவுக்குக் கீழே வீட்டாரை நிறுத்துவார்கள். வளைவு முழுசாகப் படத்தில் விழவேண்டுமென்றால் படம் எடுக்கிறவர் பத்துக் காலடி பின்னால் போகவேண்டும். ஒன்பதாவதோடு நடைபாதை முடிந்துவிடும். பத்தாவது தோட்டக்காரரின் சாமந்தியில் விழும்.

"சார், செடி!" என்று கத்துவார்.

"ஐயோ, சாரி" என்று காலை எடுத்துப் பக்கத்துச் செடியில் வைப்பார்கள்.

இதையாவது விதியே என்று பொறுத்துக்கொண்டிருந்திருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சுவரைப் பார்த்துக்கொள்ள ஒரு கொத்தனாரை வேலைக்கு எடுத்தார்கள். வந்து சேர்ந்தது சொந்தச் சகலை, மனைவியின் தங்கை புருஷன். அந்த வேலையே ஒரு தினுசு. சுவரைக் கட்டவும் கூடாது, விழவிடவும் கூடாது. எவ்வளவு இடிந்திருக்கிறதோ அவ்வளவுக்கே இடிந்தபடி நிறுத்தி வைக்கவேண்டும். பல் தேய்க்கிற பிரஷ் அளவில் ஒரு பிரஷும் ஒரு சட்டி சுண்ணாம்புச் சாந்துமாகக் கொத்தனார் நாள் முழுக்கச் சாரத்தில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் இறங்கும்போது சுவர் காலையில் இருந்த மாதிரியே இருக்கும்.

"இதுக்கு ஒரு ஆளா?" என்று மனைவியிடம் கேட்டார் தோட்டக்காரர்.

"எங்கப்பா பூரிச்சுப் போயிட்டாரு. எழுநூறு வருஷத்துச் சுவரையே சின்ன மாப்பிள்ளை கையில குடுத்துட்டாங்கன்னு தெருப் பூரா சொல்லியாச்சு."

"என்னைப் பத்தி?"

"உங்களைப் பத்தி என்ன? நீங்க தண்ணி ஊத்துறீங்கன்னு அவருக்குத் தெரியுமே."

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது தடவை போட்டுக்கொண்டது மட்டும்தான் இறங்கியது.

மாமனார் தையல்காரர். நாற்பது வருஷம் கோட்டு தைத்தவர். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் தையலைப் பார்ப்பார். அவர் வாயால் ஒரு 'பலே' வாங்கியவர்கள் உலகத்திலேயே மூன்று பேர். அதில் இரண்டு பேர் செத்த பிறகுதான் வாங்கினார்கள். நாலாவது இடத்துக்குப் பெரிய மாப்பிள்ளை பதினாறு வருஷமாகக் காத்திருந்தார். இப்போது அந்த மாமனார் இரண்டு மாசத்தில் பூங்காவைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டால் நாலாவது இடம் யாருக்குப் போகும் என்பதைத் தோட்டக்காரர் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

சுவர் கண்ணில் படக்கூடாது. அவ்வளவுதான். சுவரோரமாக நீலப்பூக் கொடி ஒன்றை வரிசையாக நட்டார். நட்டுவிட்டுக் கை கழுவித் திரும்புவதற்குள் கொடி மூன்றாவது கல்லைப் பிடித்துவிட்டதாக மனைவியிடம் சொன்னார். இரண்டாவது கல் என்று வைத்துக்கொண்டாலும் வேகம்தான். ஐந்தாவது வாரம் வளைவு காணாமல் போனது. ஏழாவது வாரம் ஜன்னலில் குடியிருந்த புறா ஒன்று, வெளியே போக வழி தெரியாமல் ஒரு பகல் பூராவும் உள்ளேயே உலாத்தியது.

"அண்ணே, கொடி நல்லா ஏறுது" என்றார் கொத்தனார்.

"தானா முளைச்சது தம்பி. காத்துல விதை வந்து விழுந்திருக்கும்."

"ஒரு சாண் விட்டு ஒரு சாண் விழுந்திருக்கு. ஒழுங்கான காத்து."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது தோட்டக்காரரை அரித்தது. அதைவிட அரித்தது இன்னொன்று. ஓர் அம்மாள் வந்து நின்று, "இந்தச் சுவர் எவ்வளவு அழகாப் பூத்திருக்கு, பாருங்க" என்றாள். சுவர் பூத்ததாம்!

ஞாயிற்றுக்கிழமை மகள்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் வர, மாமனார் வந்து சேர்ந்தார். நேராகச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அடியிலிருந்து நுனிவரை நீலமாகப் பூத்துக் கிடந்ததை ரொம்ப நேரம் பார்த்தார். தோட்டக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அடப் பாவமே" என்றார் மாமனார்.

"என்ன மாமா?"

"கோட்டுல நெருப்புப் பட்டு ஓட்டை விழுந்தா இழையோட்டிச் சரி பண்ணணும். சரி பண்ண வராதவன் மேலே ஒரு பூவைத் தைச்சு மூடிடுவான். சின்ன மாப்பிள்ளை, எவ்வளவு பெரிய ஓட்டையா இருந்தா இவ்வளவு பூ வேணும்?"

கொத்தனார் வாயைத் திறந்தார். தோட்டக்காரரை ஒரு தரம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

மூன்று வருஷமாக எரிந்த தோட்டக்காரரின் வயிறு அந்த நிமிஷம் குளிர்ந்தது. மொத்தம் நாலு நிமிஷம் குளிர்ந்திருந்தது. அதற்குள் மாமனார் சின்ன மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்.

"விடுங்க மாப்பிள்ளை. ஒரு நீதிபதியோட கோட்டையே நான் பொசுக்கியிருக்கேன். முதுகுல இஸ்திரிப் பெட்டி அச்சு அப்படியே விழுந்துடுச்சு. மனுஷன் அதைப் போட்டுக்கிட்டு ஒன்பது வருஷம் தீர்ப்பு சொன்னாரு. தொழில் தெரிஞ்சவன் கையிலதான் கெட்டுப்போகும்." பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்து, சுளை சுளையாகக் கொத்தனார் கையில் கொடுத்தார்.

பதினாறு வருஷத்தில் பெரிய மாப்பிள்ளைக்கு அந்தக் கையிலிருந்து ஒரு சுளை வந்ததில்லை.

"மாமா, இந்தப் பக்கம் ரோஜாப் பாத்தி..."

"இருங்க மாப்பிள்ளை. பேசிக்கிட்டிருக்கோம்ல?"

ஐந்தாவது சுளை கைமாறும்போது தோட்டக்காரரின் பொறுமை போய்விட்டது. "ஓட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!" என்று கத்திக்கொண்டு சுவரிடம் ஓடினார். "நான்தான் நட்டேன்! நானே நட்டேன்! உள்ளே எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வந்து பாருங்க!" கொடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். கொடி லேசில் வரவில்லை. அதுவும் அவர் வளர்த்ததுதானே. கடைசியில் ஒரு ஜன்னல் அளவுக்குப் பிய்ந்து அவர் தலையிலேயே விழுந்தது. நீலப்பூவுக்குள்ளிருந்து, "பாத்தீங்களா?" என்ற குரல் மட்டும் வந்தது.

"ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

மாமனார் எழுந்து போய்க் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கட்டைவிரலை ஓட்டினார். "இதுல பழசு எது, நீங்க வெச்சது எது?"

"நீங்களே சொல்லுங்க மாமா" என்றார் கொத்தனார்.

மாமனார் குனிந்து தேடினார், நிமிர்ந்து தேடினார். மகள்கள் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். அதுவரை தேடினார்.

"பலே" என்றார்.

நாலாவது இடம் போயே போய்விட்டது. அதைத் தன் கையாலேயே பிய்த்துக் கொடுத்தாகிவிட்டது. தோட்டக்காரர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து விழுந்த கொடியை அள்ளிப் போட ஆரம்பித்தார். கொத்தனாரும் வந்து குனிந்தார்.

"நான் நட்டதுன்னு முதல் நாளே உனக்குத் தெரியும். ஏன் தம்பி சொல்லலை?"

"எப்படிண்ணே சொல்றது? உங்க மேல எனக்கு எரிச்சல்."

"என் மேலயா?"

"நீங்க வெச்சா பூக்குது. நான் ஒழுங்கா வேலை செஞ்சா, யாருமே வேலை செஞ்ச மாதிரி தெரியறதில்ல. மூணு வருஷமா சாரத்துல உட்கார்ந்திருக்கேன், என்னை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டதில்ல. உங்க கொடி ஏறின அப்புறம்தான் ஒருத்தர் வந்து, நீங்கதான் இதைப் பார்த்துக்கறவரான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்." கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க பூவுக்கு நான் ஆமான்னு சொன்னேண்ணே. அதுக்கப்புறம் எந்த முகத்தோட அதை வெட்டச் சொல்றது?"

தோட்டக்காரர் கையிலிருந்த கொடி நழுவியது. தன்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டார் என்பதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். உள்ளங்காலில் ஆரம்பித்து உச்சிவரை ஜில்லென்று ஏறியது.

திரும்பிப் பார்த்தார். மாமனார் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்று கொத்தனாரின் முழங்கையைப் பிடித்தார். "இப்ப சொன்னியே, அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க வா. வந்து சொல்லு. கொஞ்சம் சத்தமாச் சொல்லு, மாமாவுக்கு இடது காது மந்தம்."