ஏலக்காய் வாசம் அடித்த கடிகாரம்

சுருளிக்கு ஜீப்பு ஓட்டுவது பிழைப்பு. ஆனால் சோலி என்று அவன் மனசுக்குள் வைத்திருந்தது பழைய சாமான்களைப் புதுசாக்குவதைத்தான். காலையில் போடியிலிருந்து எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவான், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடுவான். மிச்ச நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான். காற்றடிக்கிற ஸ்டவ், கரி இஸ்திரிப் பெட்டி, வால்வு ரேடியோ என்று ஊரார் எடைக்குப் போட நினைத்ததெல்லாம் அங்கே வந்து சேரும். பத்து நாளில் புதுமாப்பிள்ளை மாதிரி வெளியே போகும்.

"வீட்டுல மனுசரு ஒக்கார எடமில்ல, இரும்புக்கு மட்டும் மெத்தை விரிக்கிறாக" என்று அவன் மனைவி தேவி திட்டுவாள். திட்டிக்கொண்டே மண்ணெண்ணெய்த் துணியையும் எடுத்துக் கொடுப்பாள்.

இந்தத் தடவை வந்திருந்தது ஒரு சுவர்க் கடிகாரம். எஸ்டேட் பங்களாவில் குடோனைக் காலி செய்தபோது எலிப் புழுக்கைக்கு நடுவே கிடந்ததை, மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்தான். மூன்றடி உயரத் தேக்குப் பெட்டி, பித்தளைப் பெண்டுலம், மணிக்கு மணி அடிக்கும் சுத்தி. உள்ளே ஒரு சக்கரத்தில் இரண்டு பல் இல்லை. அந்த இரண்டு பல்லுக்கு மட்டும் மூன்று மாதம் ஆனது. பித்தளைத் துண்டை அரத்தால் ராவுவான், வைத்துப் பார்ப்பான், சிக்கும். தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். பெண்டுலம் நிற்காமல் ஆடிய அன்று, சோறுகூடத் தின்னாமல் அரைநாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். அவ்வளவு பெருமை அவனுக்கு.

அந்தக் கடிகாரம் தங்கச்சி சந்திரவல்லிக்கு. சிலமலையில் அவள் கட்டிய புதுவீட்டுக்கு ஆவணியில் பால்காய்ப்பு. அண்ணன் பிறந்த வீட்டுச் சீரோடு போய் நிற்க வேண்டும். சீர் என்றால் அந்தப் பக்கத்தில் ஊசி முதல் புதுசாக இருக்க வேண்டும். பழசைத் தூக்கிக்கொண்டு போனால், கொடுத்தவனை விட வாங்கினவளுக்குத்தான் தலைகுனிவு. சந்திரவல்லி அதற்குத்தான் பயந்தாள்.

"அண்ணே, கடிகாரத்தக் கொண்டா, வேணாங்கல" என்றாள் போனில். "ஆனா நீ செஞ்சதுன்னு வாயத் தொறக்காத. ஒச்சம்மா மதினி கேட்டா, மதுரையில கடையில வாங்குனதுன்னு சொல்லிரு. இல்லாட்டி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக."

சுருளிக்குச் சுருக்கென்றது. மூன்று மாத உழைப்பை எவனோ முகம் தெரியாத கடைக்காரன் பேரில் எழுதி வைக்க எவனுக்குத்தான் மனசு வரும்? ஆனால் அந்த ஒச்சம்மாளோடும் மற்ற புருசன் வீட்டு ஆட்களோடும் காலம் தள்ள வேண்டியவள் அவள்தானே.

"சரித்தா, சொல்லல" என்று வாக்குக் கொடுத்தான்.

பால்காய்ப்புக்குப் பத்து நாள் இருக்கையில் அந்தக் கூத்து நடந்தது. பெட்டிக்கு அரக்குப் பாலிஷ் போட்டிருந்தான். வெளியே விடாத சாரல். நாலு நாளாகியும் பாலிஷ் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மலையோடு பழகினவன் மூளை வேறெங்கே போகும்? எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்தான் ஞாபகத்துக்கு வந்தது. வெறும் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சோலையிடம் இறக்கினான்.

"அண்ணே, இது காய்க்கு வைக்கிற சூடு. மரம் தாங்குமா?" என்றான் சோலை.

"காயே பச்சை மாறாமக் காயுது. கட்டைக்கு என்ன கேடு? வையிடா."

மறுநாள் போய்ப் பார்த்தால், பாலிஷ் அருமையாகக் காய்ந்திருந்தது. பெட்டியின் வலதுபக்கப் பலகை மட்டும் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. சோலை நைசாகக் காயைக் கிளறப் போய்விட்டான். புத்திசாலி.

"ஏலக்கா ஸ்டோர்லயா வச்ச? ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று போனில் கத்திய சந்திரவல்லி, கடைசியில் சிரித்தே விட்டாள்.

சுருளி பழைய தேக்கு ஜன்னல் சட்டத்திலிருந்து ஈர்க்குப் போல ஒரு சில்லை எடுத்து, பசை தடவி வெடிப்புக்குள் இறக்கி, லோடு கட்டும் கயிற்றால் இறுக்கினான். உப்புத்தாள் போட்டு, நிறம் சேர்த்து, மறுபடி பாலிஷ் போட்டான். இந்தத் தடவை கொட்டகையிலேயே, தேவியின் வசவைக் கேட்டபடியே காய்ந்தது. ஒட்டு இருந்த இடம் கடைசியில் நகத்துக்குக்கூடச் சிக்கவில்லை. ஏலக்காய் வாசத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. கதவைத் திறந்தால் பாயசம் வைத்த வீடு மாதிரி மணத்தது.

பால்காய்ப்பு அன்று கொட்டுமேளத்தோடு சீர் இறங்கியது. பட்டு, வெண்கலப்பானை, பழத்தட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் கடிகாரம். சுருளி அதைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, முள்ளைத் திருத்தி, பெண்டுலத்தை ஆட்டிவிட்டான். "எங்க மச்சான் வாங்குனது?" என்று கேட்டார் சந்திரவல்லியின் புருசன் மகாராஜன்.

"மதுரையில மாப்ளே. கடையில" என்றான் சுருளி.

அப்போதுதான் ஒச்சம்மாள் வந்தாள். மகாராஜனுக்கு அக்கா, ராசிங்காபுரத்தில் ஏலக்காய் வாங்கி விற்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மூக்கை மலை வியாபாரிகளே நம்புவார்கள். கடிகாரக் கதவைத் திறந்தவள், ஒரு இழுப்பு இழுத்தாள்.

"கடைச்சாமான்ல எப்படிய்யா ஏலக்கா மணக்கும்? இது எஸ்டேட்டுல கெடந்த பழசு. தேச்சு மினுக்கி, கடைக்காரன் நம்ம சுருளித்தம்பி தலையில கட்டிப்புட்டான். பாவம், வெவரம் பத்தாத மனுசன்."

கூட்டம் சிரித்தது. சுருளி தங்கச்சியைப் பார்த்தான். அவள் முகம் வெளிறியிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரிப்பு நின்றுவிடும். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தான்.

"ஆமா மதினி, ஏமாந்துட்டேன்" என்றான்.

சந்திரவல்லியால் அதைத் தாங்க முடியவில்லை. கையிலிருந்த பால் செம்பை ணங்கென்று தரையில் வைத்துவிட்டு வந்தாள்.

"எவனும் ஏமாத்தல. எங்கண்ணன ஏமாத்த இனிமேத்தான் ஒருத்தன் பொறக்கணும். அதுல ஓடுற சக்கரத்துக்குப் பல்லு வச்சது எங்கண்ணன். பலகை வெடிச்சதையும் எங்கண்ணந்தான் ஒட்டுச்சு. கடைன்னு சொல்லச் சொன்னது நான். எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். மகாராஜன் பலகையை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். "ஒட்டு எங்க மச்சான் இருக்கு?"

"நீங்களே கண்டுபுடிங்க மாப்ளே" என்றான் சுருளி. குரல் அவனை அறியாமல் நிமிர்ந்துவிட்டது.

ஆளாளுக்குத் தடவினார்கள். ஒச்சம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகத்தால் கீறிப் பார்த்தாள். அவள் கை அங்கே இருக்கும்போதே கடிகாரம் ஒன்பது அடித்தது. கடைசி மணி அடங்கும்வரை கையை எடுக்காமல் நின்றாள்.

"தெரியலையே தம்பி" என்றாள் மெதுவாக. அவ்வளவுதான் சொன்னாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே பெரிசு.

வாசலுக்கு நேரே, மாமனார் படத்துக்குப் பக்கத்தில் கடிகாரத்தை மாட்டச் சொன்னாள் சந்திரவல்லி. சுருளி பந்தியில் உட்கார்ந்து இலையில் பாயசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான். உள்ளே தங்கச்சியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வருகிற ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து, கடிகாரக் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"மோந்து பாருங்க அத்தே. எங்கண்ணன் செஞ்சது."