மூக்கைக் கீழே விடு

என் மூக்கை உடைச்சவ பேரு ஜிஷா. பேச்சுக்குச் சொல்லல, நிஜமாவே தகரப் பலகையால அடிச்சு உடைச்சா. இன்னைக்கும் தொட்டுப் பாத்தா எலும்பு ஒரு பக்கமா நிக்கும்.

ரெண்டாயிரத்து ஆறாம் வருஷம். துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவுல ஒரு கல் குவாரியில நான் பொக்லைன் ஆப்பரேட்டர். முனியசாமி வந்தா மலையே வழி விடும்னு கேம்ப்ல கேலி பண்ணுவாய்ங்க. பதினாலு வருஷம் மண்ணைத் தோண்டுனவனுக்கு, ஒரு தடவை மேல போய்ப் பாக்கணும்னு வெறி. கடலோரமா இருந்த பிளையிங் கிளப்புல சேந்துட்டேன். வெள்ளிக்கிழமை லீவுன்னா அவனவன் குடிக்கிறான், சீட்டாடுறான். நான் பறந்தா உங்களுக்கென்னய்யா?

ஜிஷாதான் அங்க சொல்லிக்குடுக்கிறவ. குளச்சல்கார நர்ஸம்மாவோட மக, இங்கேயே வளந்த பொண்ணு. என்னைவிடப் பதிமூணு வயசு சின்னவ. அவ கையெழுத்துப் போட்டாத்தான் நான் தனியாப் பறக்க முடியும். எனக்கு வேண்டியது அந்த ஒண்ணுதான். ஸ்டால்ங்கிற பாடம் மட்டும் பாக்கி.

"அண்ணே, ஓடுற கார்ல கையை வெளிய நீட்டியிருக்கீங்கல்ல? உள்ளங்கையைக் கொஞ்சம் சாச்சா காத்து கையைத் தூக்கும். ரொம்பச் சாச்சா தூக்காது, அறையும். இறக்கையும் அப்படித்தான். பிளேனோட மூக்கை அளவுக்கு மேல தூக்குனா, இறக்கையோட மேல் பக்கம் ஒட்டிப் போற காத்து பிச்சுக்கிட்டுப் போயிரும். அப்புறம் இறக்கை தூக்காது, விழுவோம். உடனே கையில பிடிச்சிருக்கிற ஸ்டிக்கை முன்னால தள்ளி மூக்கைக் கீழ விடணும். காத்து திரும்ப ஒட்டிக்கும்."

புரிஞ்சுச்சு. எழுதச் சொல்லியிருந்தா எழுதியிருப்பேன். ஆனா என் கைக்கு யாரு புரிய வைக்கிறது? பொக்லைன்ல பக்கெட் கீழ போனா லீவரை இழுக்கணும், மேல வரும். பதினாலு வருஷமா என் வலது கை அதைத்தான் செஞ்சிருக்கு.

அன்னைக்கு நாலாயிரம் அடியில மூக்கைத் தூக்குனேன். பிளேன் உதறுச்சு. இடது இறக்கை சடார்னு விழுந்துச்சு. கண்ணாடி முழுக்கக் கடலு, அதுவும் கிறுகிறுன்னு சுத்துது. நான் ஸ்டிக்கை இழுத்தேன்.

"தள்ளுங்க!"ன்னு கத்துனா. இன்னும் பலமா இழுத்தேன். அவ முன்னாலயும் ஒரு ஸ்டிக் உண்டு, ரெண்டும் சேந்தே அசையும். அவ தள்ளுறா, என் பிடிக்கு அது நகரல. "கையை விடுங்கண்ணே, செத்துருவோம்!"னு இடது கையால என் விரலைப் பிரிச்சா. எரும மாதிரி உதறித் தள்ளுனேன். சடக்குன்னு ஒரு சத்தம். அடுத்த நொடி, குறிப்பெழுத அவ தொடையில கட்டியிருந்த தகரப் பலகையைப் பிடுங்கி மூஞ்சியில ஒண்ணு போட்டா பாரு, கண்ணுல பொறி பறந்துச்சு. வாயெல்லாம் ரத்தம். ரெண்டு கையும் தானா மூக்குக்குப் போயிருச்சு.

நான் விட்டதும் அவ ஸ்டிக்கைத் தள்ளி, எதிர்ப்பக்கத்துப் பெடலை மிதிச்சா. சுத்துறது நின்னுச்சு. கடல் கீழ போயி வானம் தெரிஞ்சுச்சு.

"இறங்கும்போது எஞ்சின் லீவரை நான் சொல்றப்ப நீங்க குறைங்க"ன்னா. மகாராணிக்கு அதுக்கும் ஒரு ஆள் வேணுமாக்கும்னு கறுவிக்கிட்டே குறைச்சேன். எம் பொண்டாட்டி சீதாலட்சுமிகூட என்னைக் கைநீட்டுனதில்ல. இறங்கட்டும், இவளை உண்டு இல்லைன்னு ஆக்குறேன்.

இறங்குனதும் அவ பக்கமா ஓடிப் போய்க் கையை ஓங்கிட்டேன். அவ நகரல. இடது கை மணிக்கட்டுலேருந்து கோணலாத் தொங்குது.

"இது எப்படி? யாரு?"

"நீங்கதாண்ணே."

ஓங்குன கையை எங்க வைக்கிறதுன்னு தெரியல. சீ, நானெல்லாம் ஒரு மனுசனான்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரியில அவ கைக்கு மாவுக்கட்டு, என் மூக்குக்குப் பிளாஸ்திரி. அழுது மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் வெக்கங்கெட்டுப் போய் அதையும் கேட்டுட்டேன்: "அப்ப என் கையெழுத்து?"

"தனியாப் போனா உங்க மூக்கை யாருண்ணே உடைப்பா?"

சுருக்குன்னு தச்சுச்சு. அன்னையிலேருந்து டூட்டி முடிஞ்சதும், எஞ்சினை அணைச்ச பொக்லைன்ல உக்காந்து லீவரை முன்னால தள்ளுவேன். நூறு தடவை. ரூம்ல கூட இருக்கிற பாலகுரு, எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னான். பிடிச்சா பிடிச்சுட்டுப் போகுது போடா.

மூணு மாசம் கழிச்சு அதே நாலாயிரம் அடி. ஜிஷா ரெண்டு கையையும் மடியில கோத்து வச்சுக்கிட்டா. மூக்கைத் தூக்குனேன். உதறுச்சு, இறக்கை விழுந்துச்சு. பாவி கை இழுக்கத் துடிச்சுச்சு. ஒடைஞ்ச மூக்கு விண்ணுன்னு தெறிச்சுச்சு. வர்ற கடலைப் பாத்துத் தள்ளுனேன். காத்து வந்து ஒட்டிக்கிச்சு.

இறங்குனதும் எஞ்சினை நிறுத்தப் போனேன். "நிறுத்தாதீங்க"ன்னு சொல்லி பறந்த கணக்கு எழுதுற என் புத்தகத்துல கையெழுத்துப் போட்டா. பெல்ட்டைக் கழட்டி இறங்குனா. இடது கையால கதவைச் சாத்தப் பாத்தா, பலம் பத்தல. வலது கையால சாத்திட்டு ஒதுங்கி நின்னா.

பக்கத்து சீட்டுல ஆளில்ல. மூக்கை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டு எஞ்சின் வேகத்தைக் கூட்டுனேன்.