கோடு மெலிகிற இடம்

1

இந்தக் கதை தானாக வந்து என் காதில் விழவில்லை; நான்தான் போய்க் காதை வைத்தேன். எங்கள் குடியிருப்பில் சுவர்கள் மெலிசு. பக்கத்து வீட்டில் வெங்காயம் நறுக்குவது கணவனா மனைவியா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், பட்டப்பகலில், "பருவ வயதில் உடல் மாறும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று ஒரே பேச்சை நவரசத்திலும் சொல்லிக்கொண்டிருந்தால், கையில் இருக்கிற வேலை ஓடுமா?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: அவள் துணிச்சலான பெண். சமூகத்தின் தடைகளை

(விட்டுவிட்டேன். அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கரப்பான்பூச்சியைக் கண்டால் ஸ்டூல் மேல் ஏறுகிறவள்.)

சரி, மறுபடியும். அவள் பின்னணிக் குரல் கொடுப்பவள். சோப்பு விளம்பரம், தொலைபேசியில் "தயவுசெய்து காத்திருக்கவும்" எல்லாம் அவள்தான். குடியிருப்பில் அவளுக்குப் பெயர் ரேடியோ. இப்போது கிடைத்திருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒலிப்பாடங்கள்: உடல் மாற்றம், கோபம், பயம், சம்மதம், மனசு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது. துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, கணவரின் சட்டைகளுக்கு நடுவில் மைக்கை வைத்துப் பேசுவாள். சட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம்.*

* உண்மைதான். நானும் என் அலமாரிக்குள் போய்ப் பேசிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்கக்கூட இல்லை, அதுதான் கவலை.

3

சிக்கலைக் கொண்டுவந்தவர் ஒலிப்பதிவுத் தம்பி. மடிக்கணினியோடு நேரிலேயே வந்துவிட்டார். கதவு திறந்திருந்தது, நான் படியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். சுத்தமான படியைத்தான்.

"அக்கா, கோபம் பாடம் நல்லா வந்திருக்கு. பயமும் அப்படித்தான். ஆனா இங்க பாருங்க, 'மாதவிடாய்'னு வர்ற இடத்துல மட்டும் கோடு நூலாயிடுது. 'விந்து'லயும் அதே கதை. மைக்ல கோளாறு இல்ல."

திரையில் குரல் ஒரு கோடாக ஓடுமாம்; சத்தம் இறங்கினால் மெலியும். வெட்கப்பட ஒன்றுமில்லை என்கிற குரலே, ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவதுபோல் பம்மியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்களாம். சோப்புக்காரர்கள் ஏற்கெனவே ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்துவிட்டார்கள். இதுவும் கைவிட்டுப் போனால் ரேடியோவை அணைத்துவிட வேண்டியதுதான்.

அவள் சமையலறையில் பழகினாள். "உப்பு, மிளகு, மாதவிடாய்." கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். பத்தாம் வகுப்பு மகள் மட்டும் தட்டைக் கழுவியபடியே சொன்னாள்: "அம்மா, நீ இன்னும் முழுங்குற."

[இந்த மகள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கெட்டிக்கார மகள் வந்து அம்மாவைத் திருத்துகிற கதை ஊர்ப்பட்டது இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுத்தால் அடுத்த பகுதி இல்லை.]

4

வியாழன் மதியம். பதிவு ஓடிக்கொண்டிருந்தபோது அலமாரிக் கதவை யாரோ தட்டினார்கள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நீ வெளிய வராத. உள்ளயே இரு."

முகம் தெரியாமல் கேட்பது பெண்ணுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும். கேட்டாள்.

"என் வகுப்புல ஒருத்தன்  (அடித்துவிட்டேன்.)

"எனக்கு மட்டும்தானா இப்படி  (இதையும்.)

கேள்வி என் காதில் விழாமல் இல்லை, தெளிவாகவே விழுந்தது. இத்தனை வருஷமாக எந்த வீட்டுச் சங்கதியையும் ஆறவிடாத வாய், இதை மட்டும் சொல்ல மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. எனக்கே விந்தையாக இருக்கிறது.

அம்மா சட்டைகளுக்கு நடுவிலிருந்து பதில் சொன்னாள். எந்தச் சொல்லையும் முழுங்கவில்லை. ஓர் இடத்தில், "அது எனக்கே தெரியலடி, டாக்டர்கிட்ட சேர்ந்து போய்க் கேப்போம்," என்றாள். இருவரும் சிரித்தது கேட்டது.

மகள் போன பிறகுதான் பார்த்தாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் பதிவாகியிருந்தது. கோடு, தலை முதல் வால் வரை, தேர் இழுக்கிற கயிறு மாதிரித் தடிப்பு.

5

மகளின் குரலை வெட்டிவிட்டுத் தன் பதிலை மட்டும் பாடத்தில் ஒட்டினால் வேலை கையில்.

முடிவு ஒன்று: அனுப்பிவிட்டாள். தம்பிக்கு ஒரே மகிழ்ச்சி. பிறகு ஒருநாள் மகளின் வகுப்பிலேயே அந்தப் பாடம் ஒலிக்கிறது. தனக்கென்று சொல்லப்பட்ட பதிலை மகள் எல்லோரோடும் உட்கார்ந்து

(நிறுத்திவிட்டேன்.)

முடிவு இரண்டு: அழித்துவிட்டு, அதே நிதானத்தோடு மறுபடி பேசிப் பதிந்தாள். (அவ்வளவு சுலபமாக வருமென்றால் முன்னாலேயே வந்திருக்காதா?)

நான் கேட்டவரை நடந்தது இது. அவள் மகளின் அறைக்குப் போய் வெளியே நின்றாள். அந்த வீட்டில் பெற்றவர்கள் கேட்டுவிட்டு உள்ளே போனதாகச் சரித்திரம் இல்லை.

"உள்ள வரலாமா? உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். வேண்டாம்னு சொன்னாலும் சரிதான்."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு, "வா." கதவு சாத்திக்கொண்டது.

அந்த அறையும் எங்கள் சுவரை ஒட்டியதுதான். நான் எழுந்து போய், கழுவ ஒரு கரண்டிகூட இல்லாத தொட்டியில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன்.

ஆகையால் மகள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. சரி என்றாளா, வேண்டாம் என்றாளா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று வைத்தால், அதைக் கேட்டபோது அந்த அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.