நிப்பாட்டிய குதிரை

1

கால் வலிக்கிறது. இரண்டு காலையும் பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்பதே சரி. ஷிப்டு முடிந்து வந்து கெண்டைக்காலை விரலால் அமுக்கினால் குழி விழும். அது மேடாக ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும்.

போன வாரம் அப்படி அமுக்கிப் பார்த்தபோதுதான் சிட்டுவைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. சிட்டு ஒரு வெள்ளைப் பெண்குதிரை. ‘காலில் விழுந்த குழியில் பிறந்த கதை இது’ என்று எழுதி, அடித்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கி வர, கூமாப்பட்டி வேல்பாண்டியின் குதிரை ஊர் ஊராக—’ [விட்டுவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

இரண்டாவது: ‘அந்தக் குதிரையின் கண்களில்—’ [குதிரையின் கண்ணை நான் பார்க்கவே இல்லை.]

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். வேல்பாண்டி, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குக் குதிரை விடுகிறவன். போன ஆவணியில் ஒரு நாள் தளவாய்புரத்தில் ஒரு கல்யாணம் முடிந்தது. மறுநாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொன்று. நடுவில் என் வீடு இருக்கிறது, வீட்டோடு ஒரு தகரக் கொட்டகையும் இருக்கிறது. குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் குதிரையை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

“அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் இங்கன நிப்பாட்டிக்கிடுதேன்.”

“வண்டியவா, குதிரையவா?”

“வண்டிய எங்க அக்கா வீட்டுல போட்டுக்கிடுதேன். இவளத்தான்.”

நிப்பாட்டு என்ற சொல்லைக் கவனியுங்கள்.* பஸ்ஸை நிப்பாட்டுவோம், மோட்டாரை நிப்பாட்டுவோம், ஆளை வேலையைவிட்டு நிப்பாட்டுவோம். நிற்கவைப்பதற்கும் நிறுத்துவதற்கும் எங்களுக்கு ஒரே சொல்தான்.

* நீங்கள் ‘ஓகோ’ என்று நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். அன்றைக்கு நானும் கவனிக்கவில்லை.

வேல்பாண்டி குதிரையைத் தூணில் கட்டி, புல்லைப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வி வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருப்பவள். ஒரு வாளிக் கழனித்தண்ணியோடு வந்தாள். மிச்சச் சோறும் உளுந்துத் தோலும் அதில் மிதந்தன. மாட்டுக்கு வைப்போமே, அது.

“குதிர இதக் குடிக்குமாண்ணே?”

“வச்சுப் பாரேன்.”

குடித்தது. நான் நைட் ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

3

ராத்திரி.

[இந்தப் பகுதியை நாலு தடவை எழுதினேன். ‘தகரத்தின் மேல் மழை—’ மழை பெய்யவில்லை. ‘இருட்டில் குளம்பு தரையை—’ யார் கேட்டது? கொட்டகையில் ஒருத்தரும் இல்லை. பார்க்காததை எழுதுவதுதான் கதை என்பார்கள். இந்த ராத்திரியில் நான் எதை எழுதினாலும் யாரோ ஒருவர் தலையில் பழி விழுகிறது. காலியாகவே கிடக்கட்டும்.]

4

காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தால் சிட்டுவின் நாலு காலும் வீங்கிக் கிடந்தன. மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், போர்வெல் பைப் மாதிரி. கழுத்தில் இடது பக்கம் மட்டும் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. வலது பக்கம் ஒன்றுமில்லை. புல்லைத் தொடவே இல்லை.

போன் பண்ணினேன். வேல்பாண்டி சட்டைப் பித்தான்கூடப் போடாமல் ஓடி வந்தான். காலைப் பார்த்தான், பிறகு வாளியைப் பார்த்தான்.

“இதுல என்னத்தக் குடுத்திய?”

“கழனித்தண்ணி. வேறென்ன?” என்றாள் பாண்டிசெல்வி, அடுப்படியில் இருந்தபடியே.

“ஏட்டி, அதுல என்னத்தக் கலந்த?”

“ஏட்டி கீட்டின்னா கரண்டிதான் பேசும். உம்ம குதிரைக்கு மருந்து வச்சு எனக்கு என்ன கெடைக்கப் போகுது? அது மேல ஏறி நான் மாப்பிள்ள அழைப்பு போகவா?”

இட்லிக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் மருந்து என்கிற சொல் வெளியே வந்துவிட்டது. அதைச் சொன்னது அவளேதான். சிரித்துக்கொண்டிருந்த சோலைராஜ், பாதி தின்ற தட்டை மெதுவாகக் கீழே வைத்தான். சாப்பாட்டில் மருந்து வைக்கிறவள் என்று ஒரு பேர் விழுந்தால் அப்புறம் இட்லிச் சட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான்.

கால்நடை டாக்டர் ஜாஸ்மின் வந்து காலை விரலால் அமுக்கினார். குழி விழுந்தது.

“சூடு இல்ல, வலியும் இல்ல. ராத்திரி பூரா ஒரே இடத்துல நின்ன மாதிரி இருக்கு. மெதுவா நடத்துங்க, வடிஞ்சிரும். இன்னைக்கு யாரையும் மேல ஏத்தாதீங்க.”

“அப்ப இந்த வேர்வ?” என்றான் வேல்பாண்டி.

“கழனித்தண்ணி சேராம வயிறு வலிச்சிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ராத்திரி யாரும் பாக்கலையே. கயிறு எம்புட்டு நீளம் விட்டிருந்தீங்க?”

வேல்பாண்டி தூணில் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினான். நாலு முழம்.

“இம்புட்டு நீளம் இருந்தும் ஏன் அசையாம நின்னுச்சு? ஏன் படுக்கல?” என்று ஜாஸ்மின் தனக்குள் கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் மறுபடியும் வாளியைப் பார்த்தார்கள்.

5

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்தேன். வேல்பாண்டி முரடனாகத் தெரிகிறான். எனக்கு வசதியாக அவனை அப்படி எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவன் பஞ்சு மார்க்கெட் வரைக்கும் சிட்டுவை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பினான். வழி பூராவும் அவள் காதுக்குள் “மன்னிச்சிரு தாயி, ஒன்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தான். பத்து மணிக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. அவன் செய்யாத தப்புக்கு அவன் மன்னிப்புக் கேட்டான்.

அதனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் பகுதியில், ‘குடித்தது’ என்பதற்கும் ‘நைட் ஷிப்டுக்குப் போய்விட்டேன்’ என்பதற்கும் நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டேன். இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்:

கொட்டகையில் என் மச்சான் தறியில் நெய்த பேண்டேஜ் துணிக்கட்டுகளை அடுக்கி வைத்திருந்தான். குதிரை அதில் வாய் வைத்துவிடும் என்று கயிற்றை ஒரு முழமாகச் சுருக்கித் தூணோடு கட்டினேன்.

குதிரை நின்றுகொண்டுதான் தூங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு எதற்கு நீளக் கயிறு என்று நினைத்தேன். நானே மெஷினுக்கு நடுவில் நின்றுகொண்டே தூங்கப் பழகியவன்தான். நின்றபடி தூங்குகிறவனுக்குக் கால் வீங்காது என்று யார் சொன்னது? கேட்டிருக்க வேண்டியது என் காலிடம்.

நான்காம் பகுதியிலும் ஒன்றை விட்டேன். போன் பண்ணுவதற்கு முன்னால் கயிற்றை அவிழ்த்து, வேல்பாண்டி கட்டிய நீளத்துக்கே திருப்பிக் கட்டினேன்.

(‘கை தானாகச் செய்தது’ என்று எழுதி அடித்தேன். தானாக ஒன்றும் செய்யவில்லை. நூல் அறுந்தால் சூப்பர்வைசர் வருவதற்குள் சேர்த்துவிடுகிற கை அது.)

6

முடிவுக்கு மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) கயிறுதான் காரணம். காலுக்கு இது பொருந்துகிறது. ஒரு பக்கம் மட்டும் பூத்த வேர்வைக்குப் பொருந்தவில்லை.

(ஆ) கழனித்தண்ணிதான் காரணம். வயிற்றுவலியில் படுத்துப் புரளப் பார்த்திருக்கும். அப்படியென்றால் புரள விடாதது என் கயிறு. நான் தப்பிப்பதற்காக யோசித்த முடிவு இது. இதிலும் நான்தான் நிற்கிறேன்.

(இ) இரண்டும் இல்லை. தளவாய்புரத்து வெடிச்சத்தம், குட்டியானையில் வந்த அலுப்பு, வேறு ஏதோ ஒன்று.

எழுதத் தொடங்குவதற்கு முன்பிருந்தே, மாதக்கணக்காக மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். குதிரை நன்றாகத்தான் இருக்கிறது. அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை காரில் வர, சிட்டு வெறும் முதுகோடு முன்னால் நடந்து போனாள்.

பாண்டிசெல்விதான் நன்றாக இல்லை. ஆறு தட்டு இட்லி ஊற்றியவள் இப்போது இரண்டு தட்டு ஊற்றுகிறாள். அதிலும் மிஞ்சுகிறது. போன வாரம் என்னிடம் கேட்டாள்:

“அண்ணே, நீங்க பக்கத்துலயேதான இருந்திய. நா வேற ஒண்ணும் போடலன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

“வீக்கந்தான் வடிஞ்சிருச்சே செல்வி. விடு.”

“வடிஞ்சது குதிரைக்கு” என்றாள்.

அவள் கதை படிக்கிறவள் இல்லை. இங்கே எழுதியது எதுவும் அவளுக்குப் போய்ச் சேராது. அதனால் இதை எழுதியதை, அவளிடம் சொன்னதாகக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. அவள் கடை வாசலில், காலை நேரத்தில், எதிர்க்கடையில் தட்டோடு நிற்கிற சோலைராஜ் காதிலும் விழும்படி நான் பாண்டிசெல்விக்குச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது: கயித்தச் சுருக்கிக் கட்டுனது நாந்தான், காலையில மாத்திக் கட்டுனதும் நாந்தான்.